கேர்ள்ஸ்கூலின் ‘டெமாலிஷன்’: நான்கு பெண்கள், பத்துப் பாட்டுகள், எப்படிக் கேட்பது?

1980-ல் லண்டனிலிருந்து வந்த ‘டெமாலிஷன்’ ஆல்பத்தை இன்று முதல்முறையாகக் கேட்கிறவருக்கு, இரண்டாவது பாட்டு முடிவதற்குள் சில சந்தேகங்கள் வந்துவிடும். இதை ஹார்ட் ராக் என்கிறார்கள். ஹெவி மெட்டல் என்றும் சொல்கிறார்கள். வேகத்தைக் கேட்டால் பங்க் என்ற முரட்டு, எளிய ராக் வகை போலவும் இருக்கிறது. வாசித்தவர்கள் கேர்ள்ஸ்கூல் என்ற குழு, நால்வரும் பெண்கள். ‘பெண்கள் இசைக்குழு’ என்பது ஓர் இசை வகையா, இல்லை ஆட்களைப் பற்றிய தகவல் மட்டும்தானா? எங்கே தேடினாலும் மோட்டர்ஹெட் என்ற இன்னொரு குழுவின் பெயர் ஏன் கூடவே வருகிறது? நாற்பது ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு முதல் ஆல்பத்துக்கு இன்னும் ஏன் இத்தனை மரியாதை?

இதற்கெல்லாம் பதில் தேட, முதலில் அந்த ஓசை எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஓசை புரிந்தால், யார் என்ன வாசிக்கிறார் என்று பிரித்துக் கேட்கலாம். அப்படிக் கேட்கப் பழகிவிட்டால், இந்த நால்வரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று காதே சொல்லிவிடும்.

## ஓசையின் அடிப்படை: ரிஃப், டிஸ்டார்ஷன், பவர் கார்டு

ஹார்ட் ராக் பாட்டு ஒன்றின் அஸ்திவாரம் ‘ரிஃப்’. கிடாரில் வாசிக்கப்படும் ஒரு சின்னச் சொற்றொடர் அது. சில நொடிகள்தான் இருக்கும். திரும்பத் திரும்ப வரும். வழக்கமான பாப் பாட்டில் பாடகரின் மெட்டுதான் பிரதானம், வாத்தியங்கள் அதற்குத் துணை. இங்கே பெரும்பாலும் தலைகீழ்: ரிஃப் முதலில் பிறக்கும், பாடல் வரி அதன்மேல் ஏறி உட்காரும். பாட்டின் பெயர் மறந்துபோனாலும் ரிஃப் மட்டும் காதில் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அடுத்தது ‘டிஸ்டார்ஷன்’. எலெக்ட்ரிக் கிடாரின் கம்பி அதிரும்போது, அதன் அடியில் இருக்கும் காந்தமும் செப்புச் சுருளும் அந்த அதிர்வை மின் அலையாக மாற்றுகின்றன. ஆம்ப் அதைப் பெருக்குகிறது. ஆம்ப் தாங்கும் அளவைவிடப் பெரிய அலையை அதற்குள் தள்ளினால், அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்போது மூல அதிர்வோடு அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கும். மெலிதாக ஒலித்து அடங்கவேண்டிய கம்பி, கனத்து, கரகரத்து, நீண்டுகொண்டே போகும். ஆரம்பத்தில் இதைக் கருவியின் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். 1960-களில் கிடார் கலைஞர்கள் அதையே தேடிப் போனார்கள்.

மூன்றாவது ‘பவர் கார்டு’. இதைப் புரிந்துகொள்ள ஸ்வரக் கணக்கு கொஞ்சம் உதவும். கார்டு என்பது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில் ஒலிப்பது. சாதாரணக் கார்டு ஒன்றில் ச, க, ப மூன்றும் இருக்கும். பவர் கார்டில் காந்தாரத்தை எடுத்துவிட்டு, ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து அடிப்பார்கள். வேண்டுமானால் மேல் ஷட்ஜமும் சேரும். ஏன் காந்தாரத்தை விடவேண்டும்? காரணம் டிஸ்டார்ஷன்தான். வெட்டுப்பட்ட ஓசையில் இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாகப் போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஸ்வரங்களாக முளைக்கும்.

கிடாரின் ‘ஏ’ கம்பியை எடுத்துக்கொள்ளலாம். அது நொடிக்கு 110 முறை அதிர்கிறது. அதன் பஞ்சமம் ஏறத்தாழ 165. கழித்தால் 55, அதாவது மூல ஸ்வரத்தின் கீழ்ஸ்தாயி. கேட்கிறவருக்கு யாரோ அடியில் இன்னொரு தளம் போட்டதுபோல் இருக்கும். இப்போது பஞ்சமத்துக்குப் பதில் காந்தாரத்தை வைத்துப் பார்க்கலாம். கிடாரில் அது கிட்டத்தட்ட 138.6. கழித்தால் 28.6. இது மூல ஸ்வரத்தின் எந்த ஸ்தாயியோடும் ஒட்டாது. சுத்தமான ஓசையில் இனிக்கிற அதே காந்தாரம், டிஸ்டார்ஷனில் போனால் கலங்கிய குட்டைபோல் ஆகிவிடும். ஹார்ட் ராக் கார்டுகள் எளிமையாக இருப்பதைப் பார்த்து வாசிப்பவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த எளிமைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

சரி, ஹார்ட் ராக்குக்கும் ஹெவி மெட்டலுக்கும் என்ன வித்தியாசம்? கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஹார்ட் ராக்கில் ப்ளூஸும் பழைய ராக் அண்ட் ரோலும் இன்னும் உயிரோடு இருக்கும். தாளத்தில் ஒரு ஆட்டம், ஒரு துள்ளல் தெரியும். ஹெவி மெட்டல் அந்த வேரிலிருந்து விலகி, ரிஃபின் கனத்தையும் இறுக்கத்தையும் முன்னால் வைக்கும். ‘டெமாலிஷன்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. என் கணிப்பில் அதன் கால்கள் ராக் அண்ட் ரோலில் ஊன்றியிருக்கின்றன, கிடார் ஓசை மட்டும் மெட்டல் பக்கம் சாய்ந்திருக்கிறது.

## நால்வர், நான்கு வேலைகள்

1. கிம் மெக்காலிஃப், ரிதம் கிடார். ரிஃபைத் தாங்கிப் பிடிப்பது இவர் வேலை. வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள் முடியும் இடத்தில் லேசாக வைத்து அழுத்தினால், நீண்டு ஒலிக்கவேண்டிய ஸ்வரம் ‘சக் சக்’ என்று கட்டுப்படும். கையை எடுத்தால் ஓசை வெடித்துத் திறக்கும். அழுத்துவதும் விடுவதுமான இந்தக் கை வேலையில்தான் பாட்டின் மூச்சு இருக்கிறது.

2. கெல்லி ஜான்சன், லீட் கிடார். தனியாக மேலெழும் வாசிப்பும், பாட்டின் நடுவே வரும் சோலோவும் இவருடையவை. வேகத்தைக் காட்டுவதற்காக ஸ்வரங்களைக் கொட்டுகிறவர் இல்லை. ஒரு ஸ்வரத்தை வளைத்து, நிறுத்தி, அதன் நடுக்கத்தைக் கேட்கவைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். மோட்டர்ஹெட்டின் பாடகரும் பேஸ் கலைஞருமான லெம்மி இவருடைய வாசிப்பை வெளிப்படையாகப் பாராட்டியவர்.

3. எனிட் வில்லியம்ஸ், பேஸ் கிடார். கிடாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. பேஸின் தடித்த கம்பி 41 முறை. அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே. சின்ன ஸ்பீக்கரில் இது காணாமலே போகும். ‘டெமாலிஷன்’ மெல்லியதாக ஒலிக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் எதில் கேட்டார் என்று முதலில் விசாரிக்கவேண்டும்.

4. டெனிஸ் டூஃபோர்ட், டிரம்ஸ். நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் என்ற கூர்மையான ஓசை தரும் டிரம்மின் அடி விழுவது ராக்கின் பொது இலக்கணம். டெனிஸ் அதை அலங்கரிக்காமல், ஒரு அடிகூடத் தளராமல் ஓட்டிக்கொண்டு போகிறார். குழு வேகமாகப் போவதுபோல் தோன்றுவதற்குப் பெரும் காரணம் இவர்.

பாடுவதற்கென்று தனியாள் கிடையாது. கிம், எனிட், கெல்லி மூவருமே பாடுகிறார்கள். ஒரே குரலில் ஓடும் ஆல்பத்துக்குப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் தடுமாற்றம் தரும். குரல் மாறினாலும் குழு மாறவில்லை என்று பிடிபட இரண்டு மூன்று முறை கேட்கவேண்டியிருக்கும்.

## ‘பெண்கள் குழு’ என்ற சொல் மறைப்பது என்ன?

இந்த இடத்தில்தான் குழப்பம் அதிகம். மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே பெயரால் அழைக்கிறோம்.

முதலாவது, பெண்கள் சேர்ந்து பாடும் குரல் குழு. 1960-களின் அமெரிக்க பாப் உலகில் இது பெரும் வெற்றி பெற்றது. பாடியவர்கள் பெண்கள், வாத்தியங்களை வாசித்தவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவில் கூலிக்கு வாசித்த ஆண் கலைஞர்கள். இரண்டாவது, பெண் ஒருவர் முன்னால் நின்று பாட, பின்னால் ஆண்கள் வாசிக்கும் குழு. சூசி குவாட்ரோ பேஸ் வாசித்துக்கொண்டே பாடி 1973-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். அவருடைய குழுவினர் ஆண்கள். மூன்றாவது, எல்லா வாத்தியங்களையும் பெண்களே வாசிக்கும் குழு. கேர்ள்ஸ்கூல் இந்த மூன்றாம் வகை. இந்த வகைதான் மிக அரிதாக இருந்தது.

அரிது என்றால் இல்லவே இல்லை என்று பொருளாகாது. நியூயார்க்கில் 1962-ல் தொடங்கிய கோல்டி அண்ட் த ஜிஞ்சர்பிரெட்ஸ் பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்ட குழு; ஆனால் அவர்களுக்கு முழு ஆல்பம் ஒன்று அமையவில்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் மூலம் முழு ஆல்பம் வெளியிட்ட முதல் பெண்கள் ராக் குழு ஃபேனி. ஆண்டு 1970, நிறுவனம் ரிப்ரைஸ். பிலிப்பைன்ஸில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஜூன், ஜீன் மில்லிங்டன் என்ற சகோதரிகள்தான் அதன் முதுகெலும்பு; ஒருவர் கிடார், இன்னொருவர் பேஸ். 1971-ல் அவர்களுடைய பாட்டு ஒன்று அமெரிக்கப் பட்டியலில் 40-ஆம் இடத்துக்கு வந்தது. பிற்பாடு பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி அவர்களை மனம் திறந்து புகழ்ந்தார். இருந்தும் பல ஆண்டுகள் ராக் வரலாற்றில் ஃபேனியின் பெயர் ஓரமாகத்தான் கிடந்தது.

1975-ல் லாஸ் ஏஞ்சலஸில் உருவான த ரனவேஸ் இன்னொரு மைல்கல். ஜோன் ஜெட், லீட்டா ஃபோர்ட், ஷெரி கரி, சாண்டி வெஸ்ட், ஜாக்கி ஃபாக்ஸ். 1976-ல் முதல் ஆல்பம் வந்தபோது இவர்களுக்கு வயது பதினாறு, பதினேழு. அந்த ஆல்பத்தைப் பற்றிய ஒரு செய்தியைக் கவனிக்கவேண்டும். பதிவில் பேஸ் வாசித்தவர் ஜாக்கி ஃபாக்ஸ் அல்ல. நைஜல் ஹாரிசன், பிற்காலத்தில் பிளாண்டி குழுவில் சேர்ந்தவர். மேடையில் வாசித்த பெண்ணை ஸ்டுடியோவில் உட்காரவைக்காமல் வேறொருவரை வைத்து முடித்துவிட்டார்கள். ஆண்கள் குழுக்களுக்கும் இப்படி நடந்ததுண்டு. ஆனால் பெண்கள் குழுவுக்கு நடக்கும்போது விளைவு வேறு. ‘இவர்களே வாசிக்கிறார்களா?’ என்ற கேள்வி ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. இப்படி ஒரு சம்பவம் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

அந்தக் கேள்வி எவ்வளவு பாரமானது என்று புரிந்துகொண்டால்தான் ‘டெமாலிஷன்’ ஏன் அப்படிப் பதிவுசெய்யப்பட்டது என்பதும் புரியும். ‘பெண்கள் குழு’ என்பது இசை வகை அல்ல. ஃபேனியின் இசைக்கும் கேர்ள்ஸ்கூலின் இசைக்கும் ஒற்றுமை குறைவு. கேர்ள்ஸ்கூலோடு ஒரே அலமாரியில் வைக்கவேண்டியவர்கள் மோட்டர்ஹெட்டும் அந்தக் கால லண்டன் குழுக்களும்தான்.

## வாண்ட்ஸ்வொர்த்திலிருந்து ஆல்பம் வரை

கிம்மும் எனிடும் தெற்கு லண்டனின் வாண்ட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த பள்ளித் தோழிகள். 1975-ல் ‘பெயின்டட் லேடி’ என்ற பெயரில் பெண்கள் குழு ஒன்றை ஆரம்பித்தார்கள். மற்றவர்களின் பாட்டுகளை பப்களில் வாசிக்கும் குழு அது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பின்னாளில் த கோ-கோஸ் குழுவில் புகழ்பெற்ற கேத்தி வாலன்டைனும் கொஞ்ச காலம் அதில் இருந்தார். 1978-ல் கெல்லியும் டெனிஸும் சேர்ந்தபோது நால்வர் அணி முழுமையானது. பெயரையும் மாற்றினார்கள். பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட பிரபலமான சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறு தட்டு) ஒன்றின் மறுபக்கப் பாட்டிலிருந்து எடுத்த பெயர்தான் கேர்ள்ஸ்கூல்.

1978 முடிவதற்குள் ‘டேக் இட் ஆல் அவே’ என்ற முதல் சிங்கிளை சிட்டி ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. அது மோட்டர்ஹெட்டின் மேலாளர் டக் ஸ்மித்தின் காதுக்கும், லெம்மியின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. 1979 வசந்தத்தில் மோட்டர்ஹெட் தங்கள் ‘ஓவர்கில்’ ஆல்பத்துக்காக பிரிட்டனைச் சுற்றியபோது, முன்னால் வாசிக்கும் குழுவாக கேர்ள்ஸ்கூலை அழைத்துக்கொண்டார்கள்.

முன்னால் வாசிக்கும் குழு என்பது லேசான காரியம் இல்லை. அரங்கத்தில் இருப்பவர்கள் வந்தது இன்னொருவருக்காக. விளக்கு முழுதாக அணைந்திருக்காது, பாதிப் பேர் பானம் வாங்கும் வரிசையில் நிற்பார்கள், ஒலியமைப்பின் முழு பலமும் கிடைக்காது. மோட்டர்ஹெட் ரசிகர்கள் சத்தத்துக்குப் பழகியவர்கள். பொறுமைக்குப் பழகியவர்கள் இல்லை. அந்தக் கூட்டத்தின் முன் இரவுக்கு இரவு நின்றதில்தான் இந்தக் குழுவின் இறுக்கம் உருவானது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி விடாமல் பாய்வது, முதல் சில நொடிகளிலேயே ரிஃபைக் கொண்டுவந்து நிறுத்துவது, மூன்று நிமிடங்களுக்குச் சற்று முன்னே பின்னே முடித்துவிடுவது. ஆல்பத்தில் கேட்கும் இந்தக் குணங்கள் மேடை கற்றுக்கொடுத்தவை என்றே நான் நினைக்கிறேன்.

மோட்டர்ஹெட்டின் நிறுவனமான ப்ரோன்ஸ் ரெக்கார்ட்ஸ் அடுத்து இவர்களோடு ஒப்பந்தம் போட்டது.

## 1980: ஏன் வகைப்பெயர்கள் குழம்புகின்றன?

1976, 77-ல் பிரிட்டனில் பங்க் வெடித்தபோது, நீண்ட சோலோக்களும் பிரம்மாண்ட மேடைகளும் கொண்ட ராக் பழசாகிப்போனது என்று பத்திரிகைகள் தீர்மானித்துவிட்டன. ஆனால் சிற்றூர்களிலும் பப்களிலும் இளைஞர்கள் கனமான ராக்கை விடவில்லை. பங்க்கிடமிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டார்கள்: வேகம், அப்புறம் பெரிய நிறுவனத்துக்காகக் காத்திராமல் சொந்தமாகவோ சின்ன நிறுவனம் மூலமாகவோ தட்டு வெளியிடும் துணிச்சல். ‘சவுண்ட்ஸ்’ என்ற வார இதழ் 1979-ல் இதற்கு ‘பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை’ என்று பெயர் சூட்டியது.

1980-ஆம் ஆண்டின் வெளியீடுகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அயர்ன் மெய்டன், டெஃப் லெப்பர்ட் இருவரின் முதல் ஆல்பங்கள், ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’, ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’, மோட்டர்ஹெட்டின் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’. இந்த நெரிசலுக்கு நடுவேதான் ‘டெமாலிஷன்’ வந்து பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 28-ஆம் இடத்தைப் பிடித்தது. ஒரு முதல் ஆல்பத்துக்கு, அதுவும் அந்த ஆண்டில், இது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே ஹார்ட் ராக் என்பவரும் சரி, மெட்டல் என்பவரும் சரி, பங்க் வாடை அடிக்கிறது என்பவரும் சரி. மூன்றும் ஒரே தெருவில் சந்தித்த ஆண்டு அது.

## ஸ்டுடியோவில் நடந்தது

ஆல்பத்தின் தயாரிப்பாளர் விக் மெய்ல். பதிவான இடம் லண்டனுக்கு வடமேற்கே ரிக்மன்ஸ்வொர்த்தில் இருந்த ஜாக்சன்ஸ் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்று தமிழில் சட்டென்று தோன்றும். இசைத்தட்டு உலகில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்: எந்தப் பாட்டு, எந்த வேகம், எந்தப் பதிவு நன்றாக வந்தது, எந்த வாத்தியம் எவ்வளவு கேட்கவேண்டும் என்று முடிவெடுப்பவர்.

விக் மெய்ல் முன்பு டாக்டர் ஃபீல்குட் என்ற பப் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை, மேடையில் கேட்பதுபோலவே வறட்சியாக, பூச்சு வேலை இல்லாமல் பதிவுசெய்து கொடுத்தவர். அதே அணுகுமுறையைத்தான் இங்கேயும் பார்க்கிறோம். எதிரொலி குறைவு. கிடாரின்மேல் கிடாராகப் பத்து அடுக்கு போடவில்லை. கீபோர்டு வாத்தியங்களைப் பின்னணியில் நிரப்பிப் பள்ளங்களை மூடவில்லை. இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்று எண்ணிச் சொல்லும்படி இருக்கிறது ஓசை. முன்பு பார்த்த ‘இவர்களே வாசிக்கிறார்களா?’ என்ற சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. மறைந்துகொள்ள அங்கே இடமே இல்லை.

அதே ஆண்டு, சில மாதங்கள் கழித்து, இதே மெய்ல் இதே ஸ்டுடியோவில் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ ஆல்பத்தைப் பதிவுசெய்தார். வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் கேர்ள்ஸ்கூல், பிறகு மோட்டர்ஹெட். ‘மோட்டர்ஹெட் போட்ட பாதையில் போனவர்கள்’ என்று எழுதுபவர்கள் இந்தத் தேதிகளைப் பார்ப்பதில்லை.

இன்னொரு தொழில்நுட்ப விஷயம். இது இசைத்தட்டுக் காலத்து ஆல்பம். தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிடம் வரை வைத்தால் ஓசை பலமாக இருக்கும். அதற்குமேல் அடைத்தால் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஓசையின் பலம் குறையும், முதலில் அடிபடுவது பேஸ்தான். பக்கத்துக்கு ஐந்து என்று பத்தே பாட்டுகள் வைத்தது இந்தக் கணக்குக்குள் சுகமாக அடங்குகிறது. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் ஒருவர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பவேண்டும். அதனால் ஆல்பத்துக்கு ஒன்றல்ல, இரண்டு தொடக்கங்கள். இன்று ஒரே மூச்சில் கேட்டால் ஆறாவது பாட்டான ‘பிரேக்டவுன்’ நடுவில் வருவதுபோல் தோன்றும். உண்மையில் அது இரண்டாம் பக்கத்தின் வாசல்.

## எங்கிருந்து தொடங்குவது?

வரிசைப்படி கேட்பதில் தவறில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு வரிசை.

1. ‘ரேஸ் வித் த டெவில்’. இது சொந்தப் பாட்டு இல்லை. கன் என்ற பிரிட்டிஷ் குழு 1968-ல் வெளியிட்டு முதல் பத்துக்குள் வந்த பாட்டு. தெரிந்த ரிஃபை ஒரு குழு எப்படிக் கையாளுகிறது என்பதில் அதன் குணம் வெளிப்படும். முடிந்தால் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். பன்னிரண்டு ஆண்டுகளில் கிடார் ஓசை எவ்வளவு கனத்துவிட்டது என்பது அந்த ஒரு ரிஃபிலேயே தெரியும். மற்றவர்களின் பாட்டை வாசித்தே வளர்ந்த பெயின்டட் லேடியின் அனுபவமும் இதில் இருக்கிறது.

2. ‘எமர்ஜென்ஸி’. 999 என்பது பிரிட்டனில் அவசர உதவிக்கான எண். அதையே கூச்சலாக்கிக் கட்டிய பாட்டு. முதல் முறை கேட்கும்போது பாட்டை மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்வது நல்லது. இரண்டாம் முறை இரண்டு கிடார்களையும் தனித்தனியாக. ஹெட்ஃபோன் இருந்தால் இன்னும் எளிது.

3. ‘டேக் இட் ஆல் அவே’. 1978-ன் முதல் சிங்கிளை ஆல்பத்துக்காக மறுபடியும் பதிவுசெய்தார்கள். பழைய பதிவு பிற்கால மறுவெளியீடுகளில் கிடைக்கிறது. ஒரே பாட்டு, அதே நால்வர். நடுவில் இருப்பது மோட்டர்ஹெட்டுடனான அந்தச் சுற்றுப்பயணமும் விக் மெய்லும். இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால் மேடை ஒரு குழுவை என்ன செய்யும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

4. பிறகு ‘டெமாலிஷன் பாய்ஸ்’ முதல் ‘டெட்லைன்’ வரை முழு ஆல்பம், நடுவில் ஒரு சின்ன இடைவெளியோடு.

குறைகளும் உண்டு. ரிஃப்கள் சில ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் ஒன்றிரண்டு பாட்டுகள் மற்றவற்றின் அளவுக்கு மனதில் தங்கவில்லை. மெதுவான பாட்டு ஒன்று இருந்திருந்தால் வேகமானவை இன்னும் எடுப்பாகத் தெரிந்திருக்கும். இருந்தாலும் முதல் ஆல்பத்தில் இப்படி ஒரே மூச்சாக ஓடுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. கையில் இருந்த பாட்டுகளை, கையில் இருந்த வேகத்தில், அப்படியே வைத்திருக்கிறார்கள்.

## அதற்குப் பிறகு

1981-ல் வந்த இரண்டாவது ஆல்பமான ‘ஹிட் அண்ட் ரன்’ பிரிட்டனில் 5-ஆம் இடம் வரை ஏறியது. எனிட் 1982-லும், கெல்லி 1984-லும் விலகினார்கள். கெல்லி ஜான்சன் 2007-ல் முதுகுத்தண்டுப் புற்றுநோயால் காலமானார். முதல் ஆல்பத்தில் அவர் வாசித்த சோலோக்களைக் கேட்கும்போது, இவருக்கு இன்னும் எத்தனை ஆல்பங்கள் கிடைத்திருக்கவேண்டும் என்ற எண்ணம் வராமல் இருக்காது. கிம்மும் டெனிஸும் விடவில்லை. 2023-லும் கேர்ள்ஸ்கூல் பெயரில் புதிய ஆல்பம் வந்தது.

மோட்டர்ஹெட்டின் ‘தங்கைகள்’ என்ற பேச்சு இவர்களைக் கடைசிவரை துரத்தியது. நட்பு உண்மை, உதவியும் உண்மை. ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை என்பதற்கு ஒரு பதிவே சாட்சி. 1981 பிப்ரவரியில் இரண்டு குழுக்களும் சேர்ந்து, ‘ஹெட்கேர்ள்’ என்ற பெயரில் மூன்று பாட்டுகள் கொண்ட ஒரு தட்டை வெளியிட்டன. ஒரு பழைய ராக் அண்ட் ரோல் பாட்டை இரு குழுவினரும் ஒன்றாகப் பாடினார்கள். இன்னொன்றில் கேர்ள்ஸ்கூல் மோட்டர்ஹெட்டின் பாட்டை வாசித்தது; மூன்றாவதில் மோட்டர்ஹெட் ‘எமர்ஜென்ஸி’யை வாசித்தது. தயாரிப்பு மறுபடியும் விக் மெய்ல். பிரிட்டன் பட்டியலில் அது 5-ஆம் இடத்துக்குப் போனது.

மோட்டர்ஹெட்டின் டிரம்ஸ் கலைஞர் ஃபில் டெய்லருக்கு அப்போது கழுத்தில் பலத்த அடி. அவரால் உட்கார்ந்து வாசிக்க முடியவில்லை. லெம்மியும் மோட்டர்ஹெட்டின் கிடார் கலைஞர் ஃபாஸ்ட் எடி கிளார்க்கும் ‘எமர்ஜென்ஸி’யை வாசிக்கும் அந்தப் பதிவை இப்போது போட்டு, டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேட்கலாம். அங்கே வாசிப்பது டெனிஸ் டூஃபோர்ட்.